பேயாண்டியின் முதல் குற்றம்

மதுரையில் சிக்னலில் சிவப்பு விளக்கு எதற்காக எரிகிறது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. முன்னால் போகிறவன் தாண்டிவிட்டானா என்று பார்த்துக்கொள்வதற்காக எரிகிறது. அவன் தாண்டிவிட்டால் நாமும் தாண்டலாம். பச்சை எரியும்போதுதான் கொஞ்சம் கவனம் வேண்டும். சிவப்பில் வருகிறவர்கள் போய் முடியும்வரை நின்று வழிவிட வேண்டும். இந்த ஏற்பாடு பல வருடங்களாக யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் நடந்து வருகிறது.

இதைக் கெடுக்கவென்றே பிறந்தவர் பேயாண்டி. செக்கானூரணிக்காரர், வயது நாற்பத்தெட்டு. இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுகிறார். அதில் பத்தொன்பது வருடம், தேனி ரோட்டில் இருக்கும் ஒரு மிஷன் பள்ளியின் மஞ்சள் வேன். சிவப்பு எரிந்தால் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே வேனை நிறுத்திவிடுவார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். "என்னண்ணே, ரோட்ட வெலைக்கு வாங்கிட்டியா?" என்பார்கள். சிலர் அவருடைய குடும்பத்துப் பெண்களையும் விசாரிப்பார்கள். பேயாண்டி தலையை வெளியே நீட்டி, "பச்ச வந்துரும்யா, எங்கிட்டும் போயிராது" என்பார். அவ்வளவுதான்.

இதில் லாபம் அடைந்தது வேனில் இருந்த பிள்ளைகள்தான். காளவாசல் சிக்னலில் எண்கள் அறுபதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வரும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கூட்டாகக் கத்துவார்கள். "அறுவது! அம்பத்தொம்பது! அம்பத்தெட்டு!" பவதாரிணி என்று ஒரு யு.கே.ஜி. குட்டி, முன் இருக்கையில் நின்றுகொண்டு கையை ஆட்டி நடத்திவைக்கும். பூச்சியம் வந்ததும் எல்லோரும் "போலாம் ரைட்" என்பார்கள். வகுப்பில் டீச்சர் குச்சியும் கையுமாகச் சொல்லிக்கொடுத்து வராத தலைகீழ் எண்ணிக்கை, வேனில் தானாக வந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கில் கெட்டி என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அதற்குக் காரணம் பேயாண்டிதான் என்பது யாருக்கும் தெரியாது, பேயாண்டிக்கும் தெரியாது.

அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் தலைமை ஆசிரியை ஹெப்சிபா அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. மாவட்டச் சாலை ஒழுக்க மேம்பாட்டு மையம் என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது. பள்ளி வேன் ஓட்டுகிற ஒவ்வொருவரும் அந்த மையத்திடம் 'சாலை ஒழுக்கச் சான்று' வாங்கி, கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டுமாம்.

"திங்கக்கிழமை பள்ளி தெறக்கிறோம்ண்ணே. சான்று இருக்கிற டிரைவர் கையிலதான் சாவி குடுக்கணும்னு ஆர்டர்" என்றார் ஹெப்சிபா. "உங்களுக்கு என்ன, ரெண்டு நிமிஷ வேல. ஒங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறாங்க?"

பேயாண்டிக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இருபத்தாறு வருடம் வாங்கிய வசவுக்கெல்லாம் சர்க்கார் முத்திரை போட்டு ஒரு தாள் தரப்போகிறது என்றால் யாருக்குத்தான் இருக்காது?

மையத்தின் கட்டடத்து முகப்பில் 'ஒழுக்கம் எங்கள் உயிர்மூச்சு' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, நடைபாதையை முழுக்க அடைத்துக்கொண்டு மையத்தின் ஜீப் நின்றது. 'வண்டிகளை நிறுத்தாதீர்' என்ற பலகை ஜீப்பின் கண்ணாடியில் இடிக்காமல் இருக்க, பலகையை ஒருபக்கமாக வளைத்து விட்டிருந்தார்கள். பேயாண்டி தன் டிவிஎஸ் ஃபிஃப்டியை முறைப்படி நிறுத்த இடம் தேடி அலைந்து, ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

கவுண்டரில் இருந்தவர் பீமாராவ். மூக்குக் கண்ணாடியும் பொறுமையும் உள்ளவர். லைசென்ஸ் எண்ணைக் கணினியில் தட்டினார். மறுபடி தட்டினார்.

"நீங்க இல்லையே" என்றார்.

"இருக்கேனே சார்."

"ஆளு இருக்கீங்க. பதிவுல இல்ல. உங்க பேர்ல ஒரு குத்தம்கூட ஏறலியே."

"அதத்தான் சார் எழுதி வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

பீமாராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தா பாருங்க. இது சாலை ஒழுக்கச் சான்று. ஒருத்தர் குத்தம் செஞ்சாரு, அபராதத்த ஒழுங்கா கட்டுனாரு, திருந்துனாரு. இந்த மூணையும் பாத்து நாங்க சான்று குடுக்கிறோம். ஒங்களுக்குக் கட்டுறதுக்கும் ஒண்ணுமில்ல, திருந்துறதுக்கும் ஒண்ணுமில்ல. எத வச்சு ஒழுக்கத்த அளக்கிறது?"

"குத்தமே செய்யலன்னா அதுதான சார் ஒழுக்கம்?"

"செய்யலன்னு யாரு சொன்னா? புடிபடலன்னுதான் மிஷின் சொல்லுது." பீமாராவ் குரலைத் தாழ்த்தினார். "மதுரையில இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டுன ஆளு பேர்ல ஒண்ணுமே இல்லன்னா ரெண்டுல ஒண்ணு. நீங்க வண்டியே ஓட்டிருக்க மாட்டீங்க. இல்லாட்டி அம்புட்டுத் தந்திரமான ஆளா இருப்பீங்க. ரெண்டு பேரு கையிலயும் பள்ளிக்கூடப் பிள்ளைகள நம்பி ஒப்படைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

பேயாண்டி யோசித்துப் பார்த்தார். அவர் சொல்வதில் எங்கேயோ கோளாறு இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. "என்ன மாமா, இங்க என்ன பண்றீக?" சிவக்குமார். அதே பள்ளியில் மாற்று டிரைவர், இருபத்தைந்து வயது. ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டீயரிங், கியர் போட வேண்டி வந்தால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வான். அவன் எண்ணைத் தட்டியதும் கணினி மடைதிறந்த மாதிரி கொட்டியது. வேகம், ஒன்வே, போன் பேச்சு, சிக்னல் மீறல் என்று மொத்தம் பதினான்கு. பீமாராவ் முகம் மலர்ந்துவிட்டது.

"பதினாலும் அன்னன்னிக்கே கட்டிருக்காப்ல!" என்றார். தாள் அடித்து வந்தது. 'நடத்தை: மிக நன்று' என்றிருந்தது. எழுந்து நின்று சிவக்குமாருக்குக் கைகொடுத்தார்.

"நீங்க இன்னும் ஒண்ணுகூட வாங்கலயா மாமா?" என்றான் சிவக்குமார், நிஜமான கவலையோடு. "எம்புட்டு வருஷமா ஓட்டுறீக!"

பீமாராவ் கெட்டவர் அல்ல. சிவக்குமார் போனதும் பேயாண்டியைப் பக்கத்தில் அழைத்தார். "ஒண்ணே ஒண்ணு பண்ணிட்டு வாங்க. சின்னதா. ஹெல்மெட் போடாம நாகமல வரைக்கும் போங்க. அங்க நம்ம ஆளுக அபராதச் சீட்டு மிஷினோட நிக்கிறாக. சாயங்காலமே சான்ற அச்சடிச்சுத் தாரேன்."

வீட்டில் மனைவி ராக்கம்மாளிடம் சொன்னார். அவள் கீரையை ஆய்ந்தபடி கேட்டாள். "இம்புட்டுத்தானா? ஊரே நித்தம் செய்யிறதுதானய்யா. ஒனக்குன்னா மட்டும் கை கோணுதாக்கும்?"

மறுநாள் பேயாண்டி ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். வேட்டி இல்லாமல் தெருவில் இறங்கியது மாதிரி கூச்சமாக இருந்தது. அரை மைல் போகவில்லை, எதிரே வந்த பால்காரர் தன் தலையைத் தட்டிக் காட்டினார். அடுத்து வந்தவரும் தட்டினார். நம் சனங்களுக்குள் ஆயிரம் இருக்கும், சாதிச் சண்டை, கட்சிச் சண்டை, வாய்க்கால் தகராறு. ஆனால் எதிரே செக்கிங் நிற்கிறது என்றால் அதைச் சொல்லாமல் போகிற பாவத்தை மட்டும் ஒருவரும் செய்யமாட்டார். பேயாண்டி எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு அப்படியே போனார். தட்டிக் காட்டியவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். லோடு ஆட்டோவில் வந்த ஒருவர், "ஏ அண்ணே! செக்கிங்! செக்கிங் நிக்கிது! காது கேக்கலயா?" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

செக்கிங்குக்கு இருநூறு அடி முன்னால் ஒரு டீக்கடை. டீக்கடைக்காரர் ஓடிவந்து வண்டியை மறித்தார். கையில் ஒரு ஹெல்மெட்.

"போட்டுக்கங்கண்ணே. செக்கிங்கத் தாண்டி அங்கிட்டு ஒரு பெட்டிக்கட இருக்கு, அதுல குடுத்துருங்க. திரும்பி வார ஆளுகிட்ட குடுத்துவிட்ருவாக."

"வேணாம் தம்பி. எனக்கு மாட்டணும்."

"மாட்டத்தாண்ணே குடுக்கிறேன்" என்று அவரே பேயாண்டியின் தலையில் அதை அமுக்கி, வாரையும் போட்டுவிட்டார். "காசெல்லாம் வேணாம். ஒரு உதவி."

ஆக மொத்தம் மூன்று ஹெல்மெட்டுகள் அந்த இருநூறு அடிக்குள் நாள் முழுக்கத் தலை மாறிக்கொண்டிருந்தன. மையத்தின் கணக்கில் அந்த இடத்தில் நூற்றுக்கு நூறு பேர் ஹெல்மெட் அணிகிறார்கள். மையத்தின் காவலர்கள் பேயாண்டியை நிறுத்தி, கையில் ஒரு லட்டைக் கொடுத்து, போட்டோ பிடித்து அனுப்பினார்கள். பேயாண்டி லட்டைத் தின்னவில்லை.

அதற்கடுத்த நாள் ஒன்வே. மாசி வீதிப் பக்கம், 'உள்ளே நுழையாதே' என்று போட்டிருந்த தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தார். திறந்து பார்த்தால் அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஊரே அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. ஒழுங்கான திசையில் வந்தது ஒரே ஒரு ஸ்கூட்டர். அதில் வந்த பெண்மணியை எல்லோரும் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மையத்தின் காவலர் ஒருவர், அழகுபாண்டி என்று சட்டையில் பெயர், விசிலை ஊதி அந்தப் பெண்மணியை ஓரங்கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேயாண்டி அவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். "தம்பி, நான் ஒன்வேல எதிர்த்தாப்ல வந்துட்டேன்."

"சரிண்ணே, போங்க. நிக்காதீங்க."

"எழுதிக்கங்க தம்பி."

அழகுபாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். விவரம் முழுவதையும் கேட்டார். இளகின மனசுக்காரர், கேட்டு உச்சுக்கொட்டினார். ஆனால் தலையை ஆட்டினார். "இல்லண்ணே. நாங்களா புடிச்சாத்தான் குத்தம். நீங்களா வந்து கேட்டா அது விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு ஆபீஸ்ல தனிக் கவுண்டரு. அது இன்னும் தெறக்கல."

பேயாண்டி தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நடுத்தெரு. அதுகூடக் குற்றமாகவில்லை. ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"மனச விட்டுராதீங்கண்ணே" என்று அழகுபாண்டி அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கினார். "சனிக்கெழம சாலைப் பாதுகாப்பு ஊர்வலம். டைரக்டர் ஐயா வாராரு. அன்னிக்கு மிஷின் சும்மா இருக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஏதாச்சும் பண்ணுங்க, பாத்துக்குவோம்."

சனிக்கிழமை எப்படியும் பேயாண்டி அங்கே போகத்தான் வேண்டியிருந்தது. ஊர்வலத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும்படி மையம் பள்ளிக்கு எழுதியிருந்தது. விடுமுறை என்றாலும் விடவில்லை. இருபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆரப்பாளையத்துக்கு வேனைக் கொண்டுபோனார். கடைசி நாள் ஓட்டம் என்று மனதுக்குள் ஒரு பயம் இருந்தது. வழியில் துணிந்து சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

"மாமா பெல்ட் போடல" என்றது பவதாரிணி.

"இருக்கட்டும்த்தா."

"மாமா பெல்ட் போடல! மாமா பெல்ட் போடல!" என்று இருபது பிள்ளைகளும் தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்தன. மாட்டிக்கொள்ளும்வரை நிறுத்தவில்லை. இதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். தன் கையே தன் கண்ணைக் குத்திவிட்டது.

ஆரப்பாளையத்தில் மேடை போட்டிருந்தார்கள், பஸ்கள் திரும்புகிற இடத்தில். பஸ்கள் இரண்டு மைல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. டைரக்டர் இன்பசேகரன் மாலை போட்டுக்கொண்டு பேசினார்.

"பெருமதிப்பிற்குரிய பொதுமக்களே! சென்ற ஆண்டு நமது மையம் இருபத்தெட்டாயிரம் குற்றங்களைப் பதிவு செய்து சாதனை படைத்தது. இந்த ஆண்டு நாற்பதாயிரம் என்று இலக்கு வைத்திருக்கிறோம். பொதுமக்களாகிய உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. நீங்கள் ஒழுங்காகப் போக ஆரம்பித்துவிட்டால் இந்த மையத்தில் பணிபுரியும் நூற்றிருபது குடும்பங்களின் கதி என்ன என்பதை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். குற்றம் பெருகினால்தான் பதிவு பெருகும், பதிவு பெருகினால்தான் ஒழுக்கம் வளரும்!"

கைதட்டல் எழுந்தது. ஒரு நிருபர் எழுந்து, போன வருடத்தைவிட விபத்து குறைந்திருக்கிறதா என்று கேட்டார்.

"விபத்து எங்கள் துறையில் வராது" என்றார் இன்பசேகரன். "நாங்கள் ஒழுக்கம்."

பிறகு ஊர்வலம். முன்னூறு பைக்குகள். எல்லோருக்கும் இலவச ஹெல்மெட் கொடுத்திருந்தார்கள். ஆனால் போட்டால் போட்டோவில் முகம் தெரியாது என்பதால் முழங்கையில் மாட்டிக்கொள்ளும்படி அறிவிப்பு வந்தது. பைக் பற்றாததால் ஒன்றுக்கு மூன்று பேர். எல்லாவற்றுக்கும் முன்னால் பேயாண்டியின் மஞ்சள் வேன். அதன் நெற்றியில் ஒரு பேனர் கட்டினார்கள். 'சிவப்பைக் கண்டால் நில்.' வேனுக்குப் பின்னால் திறந்த ஜீப்பில் டைரக்டர், கைகூப்பி நின்றபடி.

காளவாசல் வந்தது. சிவப்பு விழுந்தது. பேயாண்டி நின்றார்.

இதைச் செய்யும்போது அவர் மனதில் எந்த எண்ணமும் இல்லை. குற்றம், சான்று, சாவி எதுவும் இல்லை. இருபத்தாறு வருடமாக அந்தக் கால் சிவப்பைக் கண்டால் பிரேக்கை மிதிக்கும், மிதித்தது. ஜீப் வேனின் முதுகில் போய் இடிக்காமல் நூலிழையில் நின்றது. டைரக்டரின் மாலை கழன்று பானெட்டில் விழுந்தது. முன்னூறு பைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக முட்டி மோதி நின்றன.

"அறுவது! அம்பத்தொம்பது! அம்பத்தெட்டு!" என்று பிள்ளைகள் ஆரம்பித்தன.

முன்னூறு ஹாரனும் ஒரேயடியாக ஒலித்தன. இன்பசேகரன் இறங்கி ஓடிவந்தார். "யார்யா நீ? எதுக்குய்யா நிக்கிற?"

"சிவப்பு சார்."

"அது பொதுமக்களுக்குய்யா! நம்ம ஊர்வலம்யா!"

"நம்ம பேனர்ல நில்லுன்னு போட்டிருக்கு சார்."

"பேனர் பொதுமக்கள் படிக்கிறதுக்குய்யா! கட்டிருக்கிற வண்டி படிக்கிறதுக்கா? டிவியில நேரலை போகுது. நாம நின்னோம்னா ஊர்வலம் முடிஞ்சிருச்சுன்னு சனம் கலைஞ்சிரும். எடு வண்டிய!"

"நாப்பத்தொண்ணு! நாப்பது!" என்றன பிள்ளைகள்.

"இன்னும் நாப்பதுதான் சார்" என்றார் பேயாண்டி, ஆறுதலாக.

டைரக்டர் அழகுபாண்டியை மிஷினோடு கூப்பிட்டார். அழகுபாண்டி மிஷினில் மேலும் கீழும் தேடினார். "ஐயா, சிக்னல்ல நிக்காம போனதுக்கு இருக்கு. நின்னதுக்கு இதுல இல்லைங்களே."

"இல்லன்னா ஏத்துய்யா! எழுது. 'சாலைப் பாதுகாப்புக்கு இடையூறாகச் சிக்னலில் வண்டியை நிறுத்தியமை.'"

மிஷின் கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது. அழகுபாண்டி அதைக் கிழித்துப் பேயாண்டியின் கையில் வைத்தார். "எப்புடியோ கெடச்சிருச்சுல்லண்ணே" என்று காதோடு சொன்னார். பேயாண்டி அந்தச் சீட்டைப் பார்த்தார். நான்கு நாளாக நாயாக அலைந்து தேடியது கையில் இருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேறு எந்தக் குற்றம் என்றாலும் வாங்கியிருப்பார், இது அவமானமாக இருந்தது.

"பூச்சியம்! போலாம் ரைட்!" என்றன பிள்ளைகள்.

சாலைப் பாதுகாப்பு மாதம் என்பதால் சனிக்கிழமை மாலையும் கவுண்டர் திறந்திருந்தது. ராக்கம்மாளும் கூட வந்தாள், தனியாக விட்டால் மனிதர் ஏதாவது நியாயம் பேசிவிடுவார் என்று. பீமாராவ் எண்ணைத் தட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இப்பத்தான் நீங்க இருக்கீங்க! வாழ்த்துகள்."

அபராதம் கட்டியாயிற்று. "திருந்துனதுக்கு ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். குற்றம் எதுவோ அதை மிஷினே பார்த்து, செய்யமாட்டேன் என்று உறுதிமொழியாக அடித்துக் கொடுத்துவிடும். பேயாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தார். 'நான் இனி ஒருபோதும் சிக்னலில் வண்டியை நிறுத்தமாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். மீறினால் சான்று ரத்தாகும் என்பதை அறிவேன்.'

"சார், இதுல கையெழுத்துப் போட்டா நான் சிவப்புல நிக்கக் கூடாதுங்களா?"

"நீங்க எதுக்கு அர்த்தத்த எல்லாம் பாக்கிறீங்க? கோடு போட்ட எடத்துல போடுங்க."

"இது தப்புல்லங்களா?"

"தப்புன்னா மிஷின் அடிக்குமா?"

பேயாண்டி பேனாவைப் பிடித்தபடி நின்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் வழக்கம்போல, "என்னண்ணே, பச்ச விழுகலயா?" என்றார்கள். ராக்கம்மாள் அவர் முழங்கையை இடித்தாள். "திங்கக்கெழம சாவிய அந்தச் சிவக்குமாரு கையில குடுத்துட்டு நீ வீட்ல ஒக்காரப் போறியா? அந்தப் பிள்ளைக அவன் வண்டியில போகணுமா? போட்டுட்டு வாய்யா. தாளு தாளாக் கெடக்கட்டும், நீ நீயா இரு."

சிவக்குமார் வண்டியில் பிள்ளைகள் என்றதும் பேயாண்டி போட்டுவிட்டார். ஹெல்மெட்டையும் ஒன்வேயையும் ஊர் குற்றமாகச் சேர்க்கவில்லை; அவர் கணக்கில், இருபத்தாறு வருடத்தில் தெரிந்தே செய்த முதல் குற்றம் அதுதான்.

திங்கட்கிழமை காலை ஹெப்சிபா சாவியைக் கொடுத்தார். சான்றைப் பேயாண்டியே கண்ணாடியில் ஒட்டினார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காளவாசல் வந்தார். சிவப்பு. கால் மிதித்தது. பிள்ளைகள் அறுபதில் ஆரம்பித்தன.

ஓரத்தில் நின்றிருந்த அழகுபாண்டி பதறி ஓடிவந்தார். கையில் மிஷின் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. "அண்ணே, என்னண்ணே இது! ஒங்க நம்பரப் பாத்ததும் மிஷின் அடிச்சுக்கிது. நிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கீகள்ல? எடுங்கண்ணே வண்டிய. ஐயா ஆபீஸ்ல ஒக்காந்து கேமராவுல பாத்துக்கிட்டிருக்காரு. சான்று போயிரும்ண்ணே. இப்ப எடுத்தீகன்னா நின்னதாவே நான் போட மாட்டேன்."

பின்னால் ஹாரன்கள் அடித்துக்கொண்டிருந்தன. குறுக்கே, பச்சை விழுந்த பக்கத்திலிருந்து, ஒரு மணல் லாரி பேய் மாதிரி வந்து வேனின் மூக்குக்கு முன்னால் கடந்து போனது. வேன் அதிர்ந்தது. அழகுபாண்டியின் தொப்பி காற்றில் பறந்து போனது. அவர் அதை எடுக்கக்கூடப் போகவில்லை. லாரி போன திசையையும் வேனுக்குள்ளேயும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருவத்தெட்டு! இருவத்தேழு!" என்றன பிள்ளைகள். அவர்கள் லாரியைக் கவனிக்கவே இல்லை.

"பிள்ளைக எண்ணி முடிக்கட்டும் தம்பி" என்றார் பேயாண்டி.

அழகுபாண்டி மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எண்ணி முடிக்கும்வரை அவரும் பக்கத்திலேயே நின்றார். அவர் அழுத்தாவிட்டால் என்ன, மேலே கேமரா இருந்தது. வேன் பள்ளி வாசலைத் தொடுவதற்குள் ஹெப்சிபாவின் போனுக்குச் செய்தி வந்துவிட்டது: 'உறுதிமொழி மீறல். சான்று ரத்து.' அவர் பேயாண்டியின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். பேயாண்டி சாவியை வைத்தார். சாவிக்கொத்தில் தொங்கிய சின்னப் பிள்ளையாரை மட்டும் கழற்றிக்கொண்டார்.

இப்போது அவர் மேலூர்ப் பக்கம் ரோடு போடுகிற இடத்தில் ரோலர் ஓட்டுகிறார். அதற்குச் சான்று எதுவும் தேவையில்லை. மணிக்கு மூன்று மைல் போகிறார், குறுக்கே நாய் வந்தாலும் நிறுத்துகிறார். அந்த வருடம் மையம் நாற்பதாயிரம் குற்றத்தைத் தாண்டிவிட்டது. சிறந்த பள்ளி வாகன ஓட்டுநர் விருதைச் சிவக்குமாருக்குக் கொடுத்தார்கள். அவன் பதிவில் அப்போது இருபத்து மூன்று இருந்தன, எல்லாம் உடனுக்குடன் கட்டியது.

பள்ளியில் ஒரே ஒரு குறைதான். மார்ச் மாதம் பெற்றோர் கூட்டத்தில் யு.கே.ஜி. டீச்சர் அதைச் சொன்னார். பிள்ளைகளுக்குத் தலைகீழ் எண்ணிக்கை மறந்துகொண்டு வருகிறதாம். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் பவதாரிணி அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று சொல்லி நிறுத்திவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறதாம். அதற்குமேல் எண்ணுவதற்குள் வேன் சிக்னலைத் தாண்டிவிடுகிறது.